பொருள் திரும்பி வரவேண்டுமெனில்: சுழற்சிப் பொருளாதாரத்தில் பணியாளர் மேலாண்மை

கும்ப மாதத்துப் பூர நட்சத்திரத்தன்று திருவனந்தபுரத்தில் ஆற்றுகால் பொங்காலை நடைபெறுகிறது. கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு, மணக்காடு, ஸ்ரீவராகம், கோட்டை முதலிய பகுதிகளின் தெருக்களெல்லாம் அன்று செங்கல் அடுப்புகளால் நிறைந்துவிடும். நிவேதனம் முடிந்து பெண்கள் வீடு திரும்பியபின் செங்கற்கள் தெருவிலேயே எஞ்சுகின்றன. மாநகராட்சிப் பணியாளர்கள் உடனே துப்புரவில் இறங்கித் தெருக்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றனர். அப்போது சேகரிக்கப்படும் செங்கற்களை ஏழைகளுக்கான வீடுகள் கட்டுவதற்கு வழங்கும் வழக்கத்தை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டுள்ளது.

ஒரு நாள் அடுப்பாக இருந்த கல் ஒரு குடும்பத்தின் சுவராக மாறுகிறது. சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதன் எளிய வடிவம் இதுவே. ஆயினும் அந்தக் கல் தானாகத் திரும்பிச் செல்வதில்லை. எந்தக் கல் சுவருக்கு ஆகும், எது ஆகாது என்று ஒரு தொழிலாளியின் கண் தீர்மானிக்கிறது. அவருடைய கை அதைத் தனியே எடுத்து அடுக்குகிறது. அந்தக் கண்ணும் கையும் இல்லையெனில் அது வெறும் இடிபாடு.

சுழற்சிப் பொருளாதாரத்தைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இயந்திரங்களையும் தொழில்நுட்பத்தையும் பற்றியே பேசுகின்றன. இம்முறைக்கு மாறிவரும் நிறுவனங்களில் பணியாளர்களை எவ்வாறு நடத்துவது என்ற வினாவை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் வாடிக்கையாளர்களில் பலர் சிறு தொழில் நடத்துவோர்; மற்றும் பலர் குடியிருப்போர் சங்கங்களிலும் சுய உதவிக் குழுக்களிலும் பொறுப்பு வகிப்போர். இருசாராருக்கும் இவ்வினா நெருக்கமானதே.

சுழற்சிப் பொருளாதாரம் என்பது யாது?

மூலப்பொருளை எடுத்தல், பொருளாகச் செய்தல், பயன்படுத்தியபின் எறிதல் என்பது நாம் பழகிவிட்ட முறை. இது நேர்கோட்டில் செல்வது. அதன் முடிவில் குப்பைமேடு இருக்கிறது. இதற்கு மாறாக, பொருளை நீண்ட நாள் பயன்படுத்துதல், பழுதுபார்த்தல், புதுப்பித்தல், உறுப்புகளைப் பிரித்து மீண்டும் சேர்த்தல், இறுதியில் மறுசுழற்சி செய்தல் ஆகியவற்றின் மூலம் பொருளின் மதிப்பை இயன்றவரை இழக்காமல் காப்பதே சுழற்சி முறை. பிரான்சு நாட்டின் ஷுவாசி-லெ-ருவா என்னும் ஊரில் ரெனோ நிறுவனம் 1949ஆம் ஆண்டிலேயே பழைய எஞ்சின்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கியது. நம் நாட்டில் பழைய டயருக்குப் புதுத் தடம் ஒட்டுவோரும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோரும், கழிவுப் பஞ்சிலிருந்து நூல் நூற்கும் ஓ.இ. மில்களும் இதே வேலையைத்தான் செய்துவந்துள்ளனர்.

இவ்விரு முறைகளுக்கும் இடையே பணியாளர் மேலாண்மையைப் பொறுத்தவரை ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நேர்கோட்டுத் தொழிற்சாலைக்கு வரும் மூலப்பொருள் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும். என்ன செய்வது என்பதைப் பொறியாளர் ஒருமுறை தீர்மானித்துவிட்டால், தொழிலாளி அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும். சுழற்சித் தொழிலில் உள்ளே வரும் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நிலையில் வருகிறது. ஒரு பால் உறை கழுவப்பட்டிருக்கும். மற்றொன்றில் புளித்த பால் ஒட்டியிருக்கும். ஒரு மோட்டாரில் பேரிங் மட்டும் தேய்ந்திருக்கும். மற்றொன்றில் சுருளே எரிந்திருக்கும். இதை எங்கே அனுப்புவது என்ற முடிவை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை எடுப்பவர் தரைத்தளத்தில் நிற்கும் தொழிலாளியே. மேலாளரின் அறையில் இருந்த தீர்மானம் தொழிலாளியின் கைக்கு இறங்கிவந்துவிடுகிறது. ஆகவே அறிவும், அதிகாரமும், ஊதியமும், மதிப்பும் அதே இடத்துக்கு இறங்கிவர வேண்டும். அவ்வாறு வராத நிறுவனத்தில் எத்தனை விலையுயர்ந்த இயந்திரம் இருப்பினும் சுழற்சி நடுவழியில் அறுந்துபோகும்.

விளப்பில்சாலை கற்பித்த பாடம்

இந்த உண்மையைத் திருவனந்தபுரம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. நகரின் குப்பை முழுவதையும் ஒரே இடத்துக்கு அனுப்பி உரமாக்கும் நோக்கத்துடன், நகருக்கு வெளியே விளப்பில்சாலை என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டு முதல் ஓர் ஆலை இயங்கியது. வீடுகளிலிருந்து பிரிக்கப்படாமல் வந்த குப்பை அங்கே குவிந்தது. துர்நாற்றமும், குப்பையிலிருந்து கசிந்த நீரும் ஊராரின் வாழ்வைப் பாதித்தன. நெடிய போராட்டத்துக்குப் பின் 2011ஆம் ஆண்டு டிசம்பரில் ஆலைக்குப் பூட்டு விழுந்தது.

அதன்பின் தலைநகரின் குப்பைக்குப் போக்கிடம் இல்லை. தெருவோரங்களில் குவியல்கள் எழுந்தன. பல இடங்களில் அவை எரிக்கப்பட்டன. இந்த நெருக்கடியில்தான் குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரித்துக் கையாளும் முறைக்கு நகரம் திரும்பியது. சமையலறைக் கழிவு வீட்டிலேயே குழாய் உரக்கலத்திலோ, அடுக்குத் தொட்டியிலோ, சாண எரிவாயுக் கலனிலோ சேர்ந்தது. இடமில்லாதோருக்காகப் பொது இடங்களில் காற்றோட்ட உரத்தொட்டிகள் அமைக்கப்பட்டன. திருச்சூர் மாவட்டத்தின் தும்பூர்முழியில் உள்ள கால்நடைப் பண்ணையில் உருவான தொட்டி முறை இதற்கு உதவியது.

ஆலை தோற்றதற்கு இயந்திரக் கோளாறு மட்டும் காரணம் அன்று. வீட்டுவாசலுக்கும் ஆலைவாசலுக்கும் இடையே பிரித்தறியும் மனிதர் எவரும் அமர்த்தப்படவில்லை. குப்பை வந்து சேரும் இடத்தில் கோடிகளைச் செலவிட்டு, அது புறப்படும் இடத்தில் ஒருவரையும் நிறுத்தாத திட்டம் அது. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பல நாள்கள் எரிந்தபோது, இதே பாடம் மீண்டும் ஒருமுறை புகையாக எழுந்தது.

ஒரு புதிய பணி உருவாகும் விதம்

கேரள அரசு 2016ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஹரித கேரளம் மிஷனைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து உள்ளாட்சிகள்தோறும் ஹரித கர்ம சேனை அமைக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் அமைப்பின் உறுப்பினர்களே இதில் பெரும்பான்மையோர். இன்று மாநிலம் முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பச்சை மேலங்கி அணிந்து வீடுவீடாகச் சென்று, மக்காத பொருள்களைச் சேகரிக்கின்றனர். சேகரித்தவை உள்ளாட்சியின் சேகரிப்பு மையத்தில் மீண்டும் தரம் பிரிக்கப்படுகின்றன. 2013ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கிளீன் கேரளா கம்பெனி, தரம் பிரித்த பிளாஸ்டிக்கை விலை கொடுத்துப் பெறுகிறது. மறுசுழற்சிக்கு ஆகாதவற்றின் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகச் செல்கிறது. பொடியாக்கிய பிளாஸ்டிக் சாலையின் தார்க் கலவையிலும் சேர்க்கப்படுகிறது.

இத்திட்டத்தை மேலாண்மைக் கண்ணோடு நோக்கினால் நான்கு ஏற்பாடுகள் புலப்படும்.

முதலாவது, வருவாயின் ஊற்றுகள். வீட்டார் மாதந்தோறும் செலுத்தும் பயனாளர் கட்டணம் ஒன்று. தரம் பிரித்த பொருளின் விலை மற்றொன்று. வருவாய் குறையும் இடங்களில் உள்ளாட்சி அளிக்கும் இடைவெளி நிதி மூன்றாவது. பிளாஸ்டிக் விலை சந்தையில் ஏறி இறங்கும். ஊதியம் முழுவதையும் அந்த விலையோடு கட்டியிருந்தால், விலை வீழ்ந்த மாதத்தில் பணியாளர்கள் விலகியிருப்பர்.

இரண்டாவது, கால ஒழுங்கு. இம்மாதம் கண்ணாடி, அடுத்த மாதம் மின்னணுக் கழிவு, பிறகு காலணியும் தோல்பையும் என்று சேகரிப்பு நாள்காட்டி வகுக்கப்பட்டது. வீட்டார் எதை எப்போது எடுத்து வைப்பது என்று அறிந்தனர். பணியாளருக்கும் சுமை சீரானது.

மூன்றாவது, பதிவு. வீட்டுக்கு வீடு ஒட்டப்பட்ட கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் பதிவுசெய்து சேகரிப்பையும் கட்டணத்தையும் உறுதிசெய்யும் முறை வந்தது. பணி நடந்ததற்குச் சான்று இருப்பதால், பணியாளர் வரவில்லை என்ற புகாரும், கட்டணம் கொடுத்துவிட்டோம் என்ற வாதமும் குறைய வழி ஏற்பட்டது.

நான்காவது, அதிகாரம். தொடக்கத்தில் பல வீட்டுவாசல்களில் அப்பெண்கள் முகச்சுளிப்பைச் சந்தித்தனர். ‘நம் பிளாஸ்டிக்கைக் கொடுத்து நாமே பணமும் தர வேண்டுமா?’ என்ற கேள்வி எங்கும் எழுந்தது. கட்டணம் கட்டாயமில்லை என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியபோது வசூல் பாதிக்கப்பட்டது. பின்னர் சட்டத் திருத்தத்தின் மூலம் கட்டணம் கட்டாயமாக்கப்பட்டது. வாசலில் நிற்கும் பெண்ணின் சொல்லுக்குப் பின்னால் சட்டம் நின்றபோதுதான் அவருடைய பணி கெஞ்சுதலாக இல்லாமல் சேவையாக மாறியது.

மதிப்பைப் பற்றிப் பேசுகையில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டு ஜூலையில், மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியின் ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த 11 பெண்கள், ரூ.250 விலையுள்ள லாட்டரிச் சீட்டொன்றைக் கூட்டாகப் பணம் போட்டு வாங்கினர். அதற்கு ரூ.10 கோடிப் பரிசு விழுந்தது. அதன் பின்னரும் பணியைத் தொடரவே விரும்புவதாக அவர்கள் கூறினர். கடன் தீர வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்ற தேவைகள் இருந்தும், தம்மை ஒன்றுசேர்த்த குழுவையும் பணியையும் அவர்கள் விட மனம் கொள்ளவில்லை. பணியாளர்கள் நிலைத்து நிற்பதற்கு ஊதியத்தோடு குழுவுணர்வும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது.

முன்பே அத்தொழிலில் இருந்தோர்

சுழற்சிப் பொருளாதாரம் வெற்றிடத்தில் தொடங்குவதில்லை. கேரளத்தில் பழைய இரும்பு, தாள், பாட்டில் வாங்கும் தொழிலை ‘ஆக்ரி’ என்பர். அத்தொழிலில் ஈடுபட்டோருள் கணிசமானோர் தமிழகத்திலிருந்து வந்த குடும்பத்தினர். தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகச் சென்ற அவர்கள், எந்தப் பொருளுக்கு எங்கே விலை உண்டு என்பதை எந்தப் பயிற்சி நிலையமும் கற்றுத்தருமுன்னரே அறிந்திருந்தனர். நிறுவன அமைப்பு வரும்போது இவர்கள் கதி என்ன? இதற்கு விடை காணாத மாற்றம் ஒருவர் கையிலிருந்த பிழைப்பை எடுத்து மற்றொருவர் கையில் கொடுப்பதாகவே முடியும்.

புனே நகரம் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளது. அங்கே குப்பை பொறுக்குவோரின் சங்கம் 1993ஆம் ஆண்டில் உருவாயிற்று. அதன் வழியே பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவுச் சங்கம் 2008ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, வீட்டுக்கு வீடு சேகரிக்கும் பொறுப்பை ஏற்றது. குப்பைமேட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அடையாள அட்டையும் மாதக் கட்டணமும் பெறும் பணியாளர்கள் ஆயினர். தாம் சேகரித்த மறுசுழற்சிப் பொருளை விற்கும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. பெங்களூருவில் ‘ஹசிரு தளம்’ என்னும் அமைப்பும் இவ்வழியிலேயே செல்கிறது. அனுபவம் உடையவரை அப்புறப்படுத்திவிட்டு அனுபவமற்றவருக்குப் பயிற்சி அளிப்பது இரட்டைச் செலவு என்பதை இவ்விரு நகரங்களும் நமக்கு உணர்த்துகின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன: பசுமைப் பொருளாதாரத்துக்கு மாறும்போது அதன் சுமை தொழிலாளர் தலையில் மட்டும் விழலாகாது, மாற்றத்தைப் பற்றிய பேச்சில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

தொழிற்சாலைக்குள் நிகழும் மாற்றம்

உள்ளாட்சியிலிருந்து தனியார் தொழிலுக்கு வருவோம். தமிழகத்திலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

பொள்ளாச்சிப் பகுதியில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் எஞ்சும் நார்த்தூள், ஒருகாலத்தில் சாலையோரம் மலைபோல் குவிந்து கிடந்த கழிவு. இன்று அது கழுவி, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, மண்ணில்லா வேளாண்மைக்காக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. ஆனால் வாங்குவோர் உப்பின் அளவு குறைவாக இருக்க வேண்டும், மணலும் களைவிதையும் கலந்திருக்கலாகாது என்று நிபந்தனை விதிக்கின்றனர். ஆகவே களத்தில் தூளைக் கிளறி உலர்த்தும் பெண்மணி இப்போது கூலியாள் மட்டும் அல்லர். தரத்தைக் காக்கும் முதல் அலுவலர் அவரே. உப்பளக்கும் கருவியைப் பார்த்து, இன்னும் ஒருமுறை கழுவ வேண்டும் என்று சொல்லும் அறிவும், அதைச் சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். அத்துணிவை நிர்வாகம்தான் அளிக்க முடியும்.

திருப்பூரில் 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் சாயக்கழிவு கலப்பதைத் தடுக்கும் நெடிய வழக்கின் விளைவு அது. அதன்பின் கழிவுநீரை முழுவதுமாகச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மீட்டுச் சாயமேற்றத் திருப்பி அளிக்கின்றன, உப்பையும் மீட்கின்றன. இங்கும் சவ்வுகளும் கொதிகலன்களும் கண்ணுக்குத் தெரிகின்றன, மனிதர் தெரிவதில்லை. சாயத் தொட்டியருகில் நிற்பவர் அளவுக்கு மேல் உப்பைக் கொட்டினால், அந்தச் சுமை முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்தில் மின்கட்டணமாக வந்து நிற்கும். ஒரு துறையின் கவனக்குறைவு மற்றொரு துறையின் செலவு. எனவே இருதுறைப் பணியாளரையும் வாரம் ஒருமுறையேனும் ஒன்றாக அமர வைத்துக் கணக்கைக் காட்டுவது நல்ல நிர்வாகம்.

தொழில்முனைவோர் கைக்கொள்ள வேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து சிறு நிறுவனங்கள் நடைமுறையில் மேற்கொள்ளத்தக்க ஆறு செயல்களைத் தொகுத்துத் தருகிறோம்.

1. பணிகளை மீண்டும் வரையறுத்தல். ‘உதவியாள்’, ‘கூலி’ என்ற பெயர்களை நீக்கி, தரம் பிரிப்பவர், பழுது கண்டறிபவர், மீட்புப் பிரிவுப் பொறுப்பாளர் என்று ஒவ்வொரு பணியின் பெயரையும் எல்லையையும் எழுதி வையுங்கள். எழுதப்படாத பணிக்கு எவரும் பொறுப்பாவதில்லை.

2. கையால் காட்டிப் பயிற்சி அளித்தல். பிளாஸ்டிக் வகைகளை விளக்கும் பட விரிவுரையைவிட, பத்து வகைப் பொருள்களை மேசையில் பரப்பித் தொட்டும் வளைத்தும் பார்க்கச் செய்வது பயன் தரும். மாதிரிப் பொருள்கள் ஒட்டிய பலகையொன்று பணியிடத்திலேயே இருக்கட்டும்.

3. தரத்துக்கு ஊதியம் இணைத்தல். எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் எடை கூடும், தரம் குறையும். இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. பத்துப் பேர் பணிபுரியும் ஒரு கூடத்துக்கு நாள்தோறும் 1,000 கிலோ பிளாஸ்டிக் வருகிறது. தூய்மையாகத் தரம் பிரித்தது கிலோ ரூ.20; கலப்பானது ரூ.8. இப்போது 700 கிலோ தரமாகப் பிரிகிறது எனில் நாள் வருவாய் ரூ.16,400. பயிற்சிக்குப் பின் அது 850 கிலோவாக உயர்ந்தால் வருவாய் ரூ.18,200. நாளொன்றுக்கு ரூ.1,800 கூடுதல், மாதம் 25 நாளுக்கு ரூ.45,000. இதில் ஒவ்வொருவருக்கும் ரூ.2,000 ஊக்கத்தொகை அளித்தாலும் நிறுவனத்துக்கு ரூ.25,000 எஞ்சும். எந்தப் புதிய இயந்திரமும் வாங்காமல் கிடைத்த வருவாய் இது. உங்கள் தொழிலின் உண்மையான எண்களை இட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

4. நிறுத்தும் உரிமை அளித்தல். கலப்படம் மிகுந்த மூட்டையையோ, ஆபத்தான பொருளையோ கண்டவுடன் பணியை நிறுத்தி மேலாளரை அழைக்கும் உரிமை கடைநிலைப் பணியாளருக்கும் வேண்டும். அவ்வாறு நிறுத்தியதற்காகக் கூலி குறையாது என்ற உறுதியும் வேண்டும்.

5. ஏறிச் செல்லப் படி அமைத்தல். தரம் பிரிப்பவர் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அதே இடத்தில் அதே ஊதியத்தில் நின்றால், அவர் கற்ற அறிவோடு வேறிடம் சென்றுவிடுவார். குழுத்தலைவர், தரச் சோதனையாளர், பயிற்றுநர், கொள்முதல் உதவியாளர் என்று படிகள் வகுத்தல் சிறு நிறுவனத்திலும் இயலும்.

6. ஊதியத்தை வங்கி வழியாக வழங்குதல். கையில் கொடுக்கும் கூலிக்குச் சான்று இல்லை. வங்கிக் கணக்கு வழியே சென்ற ஊதியம், பின்னாளில் அப்பணியாளர் கடன் கோரும்போது வருமானச் சான்றாக நிற்கும். நிறுவனத்துக்கும் இது ஒழுங்கான கணக்கு.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்க முடியாத எல்லை

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், திடீரெனப் பெருகிய மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடலுக்குப் பின் அவர் உடல் கிடைத்தது. கால்வாயை அடைத்திருந்தது நகரம் வீசிய பிளாஸ்டிக். சுழலாமல் நின்ற பொருளின் விலையை ஓர் ஏழைத் தொழிலாளியின் குடும்பம் செலுத்த நேர்ந்தது.

இதே நகரம் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் இயங்கும் ஜென்ரோபோட்டிக்ஸ் என்னும் இளம் நிறுவனம், பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்குவதைத் தவிர்க்க ‘பாண்டிகூட்’ என்ற இயந்திரத்தை உருவாக்கியது. 2018ஆம் ஆண்டில் அது பயன்பாட்டுக்கு வந்தது. இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது, முன்பு குழிக்குள் இறங்கியவர்களுக்கே அதை இயக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது என்பதே. குழியின் இயல்பை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவர்? அவர்களுடைய அனுபவம் வீணாகவில்லை. உயிருக்கு ஆபத்து மட்டும் விலகியது. இயந்திரம் வரும்போது பணியாளரை வெளியேற்றுவதா, பணியாளரின் கையில் இயந்திரத்தைக் கொடுப்பதா என்ற தேர்வு ஒவ்வொரு முதலாளியின் முன்னும் ஒருநாள் வந்து நிற்கும்.

சிறு நிறுவனங்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. கையுறை, முகக்கவசம், தடித்த அடியுள்ள காலணி ஆகியவற்றைப் பணியாளரின் செலவாக ஆக்காதீர்கள். ஊசி, கண்ணாடித் துண்டு, மின்கலம் ஆகியவற்றுக்குத் தனிக்கலம் வையுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களுக்கு ஈ.எஸ்.ஐ. திட்டமும், இருபது பேர் அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு வருங்கால வைப்பு நிதியும் பொருந்தும். அந்த எண்ணிக்கைக்குக் குறைவான பணியாளர்களை உடையோர், வங்கிக் கணக்கு வழியே கிடைக்கும் எளிய காப்பீடுகளையேனும் அவர்களுக்கு எடுத்துக்கொடுக்கலாம். ஆண்டுக்கு ரூ.20 செலுத்தினால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ரூ.2 லட்சம் வரை விபத்துக் காப்பீடு உண்டு. 18 முதல் 70 வயது வரையுள்ளோர் இதில் சேரலாம். 18 முதல் 50 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு ரூ.436 செலுத்தி, ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் ரூ.2 லட்சம் ஆயுள் காப்பீடு பெறலாம். பத்துப் பணியாளருக்கு இவ்விரண்டும் சேர்த்து ஆண்டுச் செலவு ரூ.4,560 மட்டுமே.

இனி வரும் காலம்

பிளாஸ்டிக், மின்னணுப் பொருள், மின்கலம் ஆகியவற்றை உற்பத்தி செய்வோரே அவற்றின் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதிகள் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு குறித்து ஆண்டுதோறும் அறிக்கை அளிப்பதை 2022-23 நிதியாண்டு முதல் செபி கட்டாயமாக்கியுள்ளது. இவ்வினாக்கள் பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடா. அவற்றுக்கு உறுப்புகளும் உறைகளும் வழங்கும் சிறு நிறுவனங்களையும் அவை வந்தடையும். மீட்கப்பட்ட பொருள் எங்கிருந்து வந்தது, அதைப் பிரித்தவர் எந்நிலையில் பணிபுரிந்தார் என்று வாங்குவோர் கேட்கும்போது, விடை சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

ஆகவே இத்துறையில் புதிதாகத் தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ எண்ணுவோர், திட்ட அறிக்கை தயாரிக்கும்போதே இயந்திரங்களின் பட்டியலுக்கு அருகில் மற்றொரு பட்டியலையும் எழுதிக்கொள்ளுதல் நலம்: எத்தனை பேர், என்ன பணி, எத்தனை நாள் பயிற்சி, பயிற்சிக் காலத்து ஊதியம், பாதுகாப்புக் கருவி, காப்பீடு, பொருளின் விலை வீழும் மாதங்களில் ஊதியம் கொடுக்க ஒதுக்கும் இருப்பு. இச்செலவுகளைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்தால்தான் நடைமுறை மூலதனத் தேவை சரியாகத் தெரியும். பாதி வழியில் கை முடங்காது.

தொழில் நடத்தாத வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பால் உறையைக் கழுவி உலர்த்தி வைத்தல், உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே கொடுத்தல், கட்டணத்தை உரிய நாளில் செலுத்துதல், வாசலில் வந்து நிற்பவரைப் பெயர் சொல்லி அழைத்தல் ஆகியன பணச்செலவு இல்லாதவை. ஸ்ரீவராகத்தின் ஒரு வீட்டு வாசலில் கழுவப்பட்ட உறை, சேகரிப்பு மையத்தில் ஒரு பெண்ணின் வேலையைச் சில நொடிகள் குறைக்கிறது. அவர் பிரித்த பொருளின் விலையையும் சற்று உயர்த்துகிறது. அந்த உயர்வு மாத இறுதியில் அவருடைய குழுவின் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது.